வைத்திய வீரராகவன் சந்நிதியில் முடி காணிக்கை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவள்ளூர். மற்ற நாள்களில் அது அலுவலகம் செல்வோரும் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போவோரும் விரைந்து கடக்கும் ஊர். அமாவாசைக்கு முந்தைய மாலையில் மட்டும் அதன் நடையே மாறிவிடும். துணிப்பையும் தூக்குப்பாத்திரமுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திறங்கும் பக்தர்கள் கோயிலை ஒட்டிய மண்டபங்களில் இரவைக் கழிப்பார்கள். விடியலில் ஹ்ருத்தாபநாசினித் திருக்குளத்தில் நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து, வீரராகவப் பெருமாளைச் சேவித்த பிறகே ஊர் திரும்புவார்கள். தொடர்ந்து 3 அமாவாசை இங்கு வந்து சேவித்தால் தீராத பிணியும் தீரும் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை.

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தைத் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்திருக்கிறார்கள். ஆழ்வார்கள் காலத்துப் பெயர் திருஎவ்வுள். தாயார் கனகவல்லி, விமானம் விஜயகோடி விமானம். கோயில் அகோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. வள்ளலார் இராமலிங்க அடிகளும் இப்பெருமாள்மீது போற்றிப் பஞ்சகம் பாடியிருக்கிறார்.

பெயர் வந்த கதையைப் பெரியவர்கள் பலரும் அறிவர். சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று மாவைப் பெருமாளுக்கு நிவேதித்துவிட்டு, அதிதிக்காகக் காத்திருந்தார். தள்ளாத முதியவர் ஒருவர் வந்தார். அதிதிக்கு உரிய பங்கை உண்டும் பசி அடங்காததால், முனிவர் தமக்கென வைத்திருந்த பங்கையும் கொடுத்துவிட்டார். உண்ட களைப்பில் முதியவர் "படுக்க எவ்வுள்?" என்று கேட்க, முனிவர் தம் குடிலையே காட்டினார். அங்கே சயனித்த முதியவர் எம்பெருமானாகக் காட்சி தந்தார் என்கிறது தலபுராணம். இன்றும் மூலவர் சயனத் திருக்கோலத்தில், இடக்கையால் நான்முகனுக்கு உபதேசம் செய்தபடி, வலக்கையைச் சாலிஹோத்திரரின் தலைமீது வைத்துச் சேவை சாதிக்கிறார். திவ்ய தேசங்களில் பெருமாள் சயனித்திருக்கும் தலங்கள் பல உண்டு. பக்தன் ஒருவனின் தலையில் கை வைத்தபடியே பள்ளிகொண்டிருப்பது இங்கே காணும் சிறப்பு. மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. சந்தனத் தைலக் காப்பு மட்டுமே என்பதும் இத்தலத்து வழக்கம்.

பிணி தீர்ப்பவர் என்பதால் பெருமாளுக்கு வைத்திய வீரராகவன் என்ற திருநாமம் ஏற்பட்டது. மரு, படை, தேமல் போன்ற தோல் குறைகள் கரைய வேண்டும் என்று வேண்டுவோர் திருக்குளத்தில் வெல்லமும் பாலும் சேர்க்கிறார்கள். உப்பும் மிளகும் சமர்ப்பிப்போர் உண்டு. நோயுற்ற உறுப்பின் உருவம் பொறித்த தகட்டை வாங்கிக் காணிக்கையாக இடுவோரும் உண்டு. இவர்களோடு, தலைமுடியைக் காணிக்கை கொடுப்பதாக வேண்டிக்கொண்டு வருவோர் ஒருபுறம். அவர்களிலும் ஒரு சாராருக்கு அந்தத் தலையே நோயின் இருப்பிடம். தலையில் சொரியாசிஸ் வந்தவர்கள் அவர்கள்.

அவர்களைக் கூட்டத்தில் கண்டுகொள்வது எளிதன்று. தோளில் விழும் வெண்செதிலை யாரும் பார்க்குமுன் தட்டிவிடுவார்கள். நிறம் தெரியாதிருக்க வெள்ளைச் சட்டையே அணிவார்கள். வெளியே சென்றால் துண்டோ குல்லாயோ தலையை விட்டு நீங்காது. சந்நிதியில் துண்டை எடுத்தாக வேண்டும். பெண்களுக்கு முந்தானையின் துணையேனும் உண்டு; ஆண்களுக்கு அதுவும் இல்லை. தீர்த்தம் வாங்கி, துளசி வாங்கி, சடாரிக்குத் தலை குனிய வேண்டிய கணத்தில் சிலர் மெல்லப் பின்வாங்கி வரிசையை விட்டு விலகிவிடுகிறார்கள். தம் தலையின் செதில் பெருமாளின் திருவடிநிலையில் படக்கூடாது என்ற கூச்சமும், பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சமுமே அதற்குக் காரணம். பல ஆண்டுகளாகச் சடாரி வாங்காமலேயே கோயில் சென்று வருபவர்களும் உண்டு.

விலகத் தேவையே இல்லை. சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி நோயன்று. தொட்டாலும், அருகில் அமர்ந்தாலும், ஒரே குளத்தில் நீராடினாலும், ஒரே சடாரி இருவர் தலையில் பட்டாலும் அது பரவாது. கிருமியால் வரும் நோயே அல்ல அது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் தோலையே பகையாக எண்ணித் தூண்டிவிடுவதால் வருவது. மேல்தோல் புதிதாக உருவாகி உதிர்வதற்கு வழக்கமாக ஏறக்குறைய 28 நாள்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை 3 அல்லது 4 நாள்களில் நடந்துவிடுகிறது. உதிர்வதற்குள் அடுத்த அடுக்கு வந்து சேர்ந்துவிடுவதால் செதில் தடித்துப் படர்கிறது. உலக மக்களில் 100 பேரில் 2 முதல் 3 பேர் வரை இந்நோயோடு வாழ்கிறார்கள் என்பது பொதுவான கணிப்பு. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலையிலும் உண்டு. குடும்ப வழியாக வரும் போக்கு இருந்தாலும், பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தயங்கும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பொடுகுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. பொடுகு பெரும்பாலும் மஞ்சள் சாயலில், எண்ணெய்ப் பிசுக்கோடு, எல்லையின்றிப் பரவியிருக்கும். சொரியாசிஸ் உலர்ந்து, வெள்ளிப் பூச்சுப் போன்ற தடித்த செதிலாக, ஓரம் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். முன்நெற்றியில் முடி தொடங்கும் கோட்டைத் தாண்டியும், காதின் பின்புறத்திலும், பிடரியிலும் இறங்கும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. இன்னதென்று முடிவு செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர். மருந்துக்கடைக்காரரும் பக்கத்து வீட்டாரும் அல்லர்.

இந்தக் கூச்சத்துக்கு நெடிய வரலாறு இருக்கிறது. ஆயுர்வேத நூல்கள் பலவகைத் தோல் நோய்களைக் குஷ்டம் என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்தன. மேனாட்டிலும் பல நூற்றாண்டுகள் சொரியாசிஸையும் தொழுநோயையும் ஒன்றெனவே எண்ணிக் குழம்பினார்கள். வியன்னாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841-இல்தான் இரண்டும் வெவ்வேறு என்று தெளிவாக நிறுவினார். சித்த மருத்துவர்கள் இன்று இதனைக் காளாஞ்சகப்படை என்ற பெயரில் அடையாளம் காண்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் இதன் துன்பத்தை உணர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது 2014-இல். நோய் பழையது; அதைப் பற்றிய தெளிவு மிகப் புதியது. பெயரைச் சொன்னாலே ஒதுங்கும் பழக்கம் அதனால்தான் இன்னும் ஊரில் எஞ்சியிருக்கிறது. ஹ்ருத்தாபநாசினி என்ற பெயருக்கு உள்ளத்தின் தாபத்தை நீக்குவது என்று பொருள். உடலின் பிணிக்கென்று தேடி வரும் குளத்துக்கு முன்னோர் உள்ளத்தின் பெயரை வைத்திருப்பது எண்ணத்தக்கது. தலையில் செதில் உள்ளவருக்கு அரிப்பைவிட அதிகமாக வருத்துவது மற்றவரின் பார்வைதான்.

இனி, முடி காணிக்கைக்கு வருவோம். வேண்டுதல் என்பது தவணை தவறக்கூடாத கடன் என்று எண்ணும் தலைமுறை இது. தலை குணமானால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர், சற்றே குணம் கண்டதும் மழிக்கும் கத்திக்குத் தலையைக் கொடுத்துவிடுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் கீறலோ வெட்டுக்காயமோ உராய்வோ ஏற்பட்டால், பெரும்பாலும் இரண்டு வாரங்களையொட்டி அதே இடத்தில் புதிய செதில் தோன்றக்கூடும். 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கெப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதலில் விளக்கியதால், அவர் பெயராலேயே இந்த விளைவை மருத்துவர்கள் அழைக்கிறார்கள். மேடு பள்ளமான செதில்மீது சவரக்கத்தி ஓடும்போது மெல்லிய வெட்டு விழாமல் இருப்பது கடினம். செதிலைப் பெயர்த்தால் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும். குணமாகிக்கொண்டிருந்த தலையில் வேண்டுதல் நிறைவேற்றிய பதினைந்தாம் நாள் நோய் மீண்டும் கிளம்பினால், மனம் உடைவதோடு 'சாமி குற்றமோ' என்ற வீண் கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. பிளேடு பட்ட குற்றமே.

இதற்காக நேர்த்திக்கடனைக் கைவிட வேண்டியதில்லை. சொல்லப்போனால், முடி குட்டையாக இருப்பது தலையின் மருந்துக்கு உதவியே. மருந்து முடியில் தங்காமல் தோலைச் சென்றடையும். தீங்கு செய்வது வழுவழுப்பாக மழிப்பது ஒன்றுதான். கத்தரியாலோ, தோலைத் தொடாத உயரத்தில் சீப்புப் பொருத்திய மெஷினாலோ ஒட்ட வெட்டிக்கொண்டு, அந்த முடியைச் சமர்ப்பிக்கலாம். பெண்கள் காலங்காலமாகப் பூமுடி என்று சில கற்றைகளை மட்டும் நறுக்கிக் கொடுத்து வேண்டுதலை நிறைவு செய்கிறார்கள். பெண்டிரிடம் பூமுடியை ஏற்றுக்கொள்ளும் எம்பெருமான் நோயுற்ற ஆடவரிடம் ஏற்கமாட்டார் என்று எந்தப் பெரியவரும் சொல்லப்போவதில்லை. மனம் ஒப்பாதவர்கள் தம் ஆசாரியரிடமோ அர்ச்சகரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். மழித்தே ஆக வேண்டும் என்று உறுதி கொண்டவர்களோ, செதில் முழுவதும் அடங்கியிருக்கும் காலம்வரை காத்திருக்க வேண்டும். புதிய பிளேடு போடச் சொல்லி, தலையை நன்கு நனைத்து, முடி வளர்ந்த திசையிலேயே மெதுவாக மழிக்கச் சொல்ல வேண்டும். நாவிதரிடம் நோயை மறைக்கக் கூடாது. மறைத்தால் அவர் கை வேகமாகவே ஓடும். அமாவாசைக் கூட்டத்தில் இன்னும் வேகமாக ஓடும். அமாவாசையன்று க்ஷௌரம் ஆகாது என்று விலக்குவோரும் உண்டு. ஆதலால் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் இந்தக் கடனைத் தீர்ப்பது எல்லா வகையிலும் நல்லது.

மழித்த தலையில் சந்தனம் பூசுவது குளிர்ச்சிக்காக. வீட்டில் கல்லில் அரைத்த சந்தனமானால் பெரும்பாலும் தொல்லை இல்லை. நிறமும் மணமும் கலந்த பொட்டலத் தூள் எரிச்சல் தரும். உலர்ந்த பின் அதைச் சுரண்டி எடுக்காமல் நீர் விட்டுக் கரைத்தே கழுவ வேண்டும். வகிட்டுக் குங்குமமும் அவ்வாறே. வகிட்டில் செதில் உள்ள சுமங்கலிகள் சாயம் கலந்த குங்குமத்தை விட்டு, மஞ்சளில் செய்த குங்குமத்தை நெற்றியில் மட்டும் இட்டுக்கொள்ளலாம். திருக்குளத்தில் பலரும் வெல்லமும் பாலும் கரைக்கிறார்கள் என்பதால், தலையில் வெடிப்போ இரத்தக் கசிவோ உள்ளவர்கள் முழுகாமல் மும்முறை தீர்த்தம் தெளித்துக்கொண்டாலே போதும். புண் வழியே வேறு தொற்று நுழையாமல் இருக்கும்.

அன்றாடத் தலைப் பராமரிப்பில் பெரியவர்கள் செய்யும் தவறு, செதிலை நகத்தாலும் பேன்சீப்பாலும் பெயர்ப்பது. பெயர்க்கப் பெயர்க்க அது வளரும். இரவில் தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாகத் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டால் செதில் தானாக இளகும். பிறகு பல் அகன்ற சீப்பால் மெல்ல வாரினால் இளகியது மட்டும் வந்துவிடும். அமாவாசைத் தர்ப்பணம் செய்பவர்களுக்கு அன்று எண்ணெய்க் குளியல் விலக்கு; சதுர்த்தசியும் பலருக்கு ஆகாது. எனவே திருவள்ளூர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே இதை முடித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த நீர்ம மருந்தை இடுவது எண்ணெய் ஸ்நானம் ஆகாது. அதை அமாவாசையன்றும் நிறுத்த வேண்டியதில்லை.

சீயக்காய் நம் வழக்கம்தான். ஆயினும் அதன் சொரசொரப்பான துகள் இந்தத் தலைக்குப் பகை. பழக்கத்தை விட முடியாதவர்கள் காய்ச்சி வடிகட்டிய சீயக்காய் நீரைப் பயன்படுத்தலாம். மருத்துவர்கள் பரிந்துரைப்பது நிலக்கரித் தார் அல்லது சாலிசிலிக் அமிலம் கலந்த ஷாம்பு. அதை முடியில் நுரைக்க வைத்து உடனே கழுவிவிடுவதில் பயனில்லை. தலையின் தோலில் படும்படி தேய்த்து, ஐந்து அல்லது பத்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். கொதிக்கும் வெந்நீர் கூடாது. தாருக்கு ஒரு வாசனை உண்டு. நரைத்த முடியில் சற்றே கறையும் படியும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நரைக்குச் சாயம் பூசுவோர் தலை அடங்கும்வரை அதை நிறுத்துவது நல்லது. இறுகப் பின்னிக் கொண்டையூசி குத்துவதும் அப்படியே. தளர்த்திப் பின்னினால் மல்லிகைச் சரத்துக்குத் தடையில்லை.

மருந்தைத் தடவுவதற்கும் ஒரு முறை உண்டு. சீப்பின் காம்பால் வரிசை வரிசையாக வகிடெடுத்து, வகிட்டுத் தோலில் துளித்துளியாக விட்டு, விரல் நுனியால் பரப்ப வேண்டும். தோள்மூட்டு வலிக்கும் வயதில் பிடரிக்குக் கை எட்டாது. வீட்டில் உள்ளவர் தொட்டுத் தடவிவிட்டால், நோய் ஒட்டாது என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அது மேலானது. ஸ்டீராய்டு கலந்த மருந்துகளை மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மேல் தடவினால் தோல் மெலியும். வீரியம் மிக்கவற்றைத் திடீரென நிறுத்தினாலோ நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். தொடக்கமும் முடிவும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சிலருக்கு இந்நோயைத் தூண்டும். அவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தோல் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டை முழுமையாகக் காட்டுவதே வழி. விரல் மூட்டுகளிலும் முதுகிலும் காலை நேரத்தில் விறைப்பு இருந்தால் முதுமை என்று ஒதுக்காமல் அதையும் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் மூட்டுகளையும் பற்றுவது உண்டு. வைத்திய வீரராகவன் எழுந்தருளியிருக்கும் இதே திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெருமாளைச் சேவித்த கையோடு மருத்துவரையும் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிகிற ஊர் இது.

திருவள்ளூரிலிருந்து வடகிழக்கே செல்லும் சாலை பெரியபாளையத்தை அடைகிறது. ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயில் கொண்டிருக்கும் தலம். ஆடி மாதம் பிறந்தால் இங்கே வேப்பிலையின் மணம்தான் எங்கும். உடலில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு வலம் வரும் வேப்பஞ்சேலை வேண்டுதல் இத்தலத்தின் தனிச்சிறப்பு. அம்மை கண்ட வீட்டிலிருந்து வந்தவர்களின் நன்றிக்கடனாகத் தொடங்கிய வழக்கம் என்பது பார்த்தாலே புரியும். இங்கும் முடியிறக்குவோர் மிகுதி. இந்து சமய அறநிலையத்துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. சொரியாசிஸ் உள்ளவர்கள் வேப்பங்கொத்தைத் தோலில் உரசும்படி இறுக்காமல், பருத்தி ஆடைக்கு மேல் தளர்வாகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஈர்க்கின் கீறலும் கீறல்தான்.

கோயில் வாசல்களில் 'எல்லாப் படைக்கும் ஒரே தைலம்' என்று முகவரியற்ற புட்டிகளை விற்போர் எங்கும் உண்டு. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. நம் மரபில் இதற்கென்றே ஒரு தைலம் இருக்கும்போது அதை வாங்கி ஏமாற வேண்டியதில்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், பச்சை இலையிலிருந்து கருநீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் எண்ணெயில் இறங்கும். அடுப்பில் காய்ச்சாமல் சூரிய வெப்பத்தாலேயே முடிக்கும் தைலம் இது. தலையின் செதிலுக்குச் சித்த மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். குடசப்பாலை என்ற வேறொரு மரத்தை வெட்பாலை என்று எண்ணி மயங்குவோர் இருப்பதால், இலையைத் தாமே தேடிப் பறிப்பதைவிடத் தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் காட்டிக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. ஆங்கில மருந்தும் தொடர்பவர்கள் இருவரிடமும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். தைலக் கறை தலையணையை விட்டுப் போகாது. பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம்.

பெரியபாளையத்திலிருந்து கிழக்கே வந்து கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தொட்டால் சிறுவாபுரி அருகில்தான். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய பாலசுப்பிரமணியரின் தலம். இராமனின் மைந்தர்களாகிய சிறுவர் இருவரும் போர் புரிந்த இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்வர். பச்சைக் கல்லில் வடித்த மரகத மயில் பேரெழில். 6 செவ்வாய்க்கிழமை வந்து வேண்டினால் சொந்த வீடு அமையும் என்ற நம்பிக்கையால் செவ்வாய்தோறும் சாலையெங்கும் வண்டிகள். வெயிலில் நெடுநேரம் வரிசையில் நிற்க நேரும். இளவெயில் சொரியாசிஸுக்கு நல்லது. தலை பொசுங்கும் நண்பகல் வெயில் கெடுதல். புதிதாக முடியிறக்கியவர்கள் வரிசையில் நிற்கும்வரை மெல்லிய பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்வது நல்லது.

அந்த வரிசையில் சீருடையோடு நிற்கும் இளைஞர்கள் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வருபவர்கள். இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் இரசாயனத் தொழிற்கூடங்களும் நிறைந்த அந்தப் பகுதியில் தமிழக மாவட்டத்தாரோடு பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தாரும் ஒரே அறையில் நால்வர் ஐவராகத் தங்கி உழைக்கிறார்கள். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருக்கக்கூடும். உலைக்களத்து வெப்பத்தில் எட்டு மணி நேரம் பாதுகாப்புத் தொப்பி அணிந்தே நிற்க வேண்டும். ஆலைப் புழுதியோ வியர்வையோ சொரியாசிஸை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே இருப்பவருக்குத் தொப்பிப் பட்டையின் உராய்வும், உள்ளே தேங்கும் வியர்வையும், ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரும் தலையை ஓயவிடுவதில்லை. கருநீலச் சீருடையின் தோளில் செதில் பளிச்செனத் தெரியும். உணவு இடைவேளையில் அருகில் அமர்ந்தவர் தட்டை நகர்த்திக்கொள்வார். அறையில் சீப்பையும் வாளியையும் தனியே வை என்பார்கள். வெட்கத்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு வேலை செய்தாலோ உயிருக்கே கேடு.

தொப்பியின் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியை மடித்துக் கட்டி, அதை நாளும் துவைத்து மாற்றுவது எளிய தீர்வு. வேலை முடிந்ததும் தலையை அலசி, ஒற்றித் துடைத்து உலர்த்தி, பிறகு மருந்திட வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர்களுக்கு அதன் மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. தோல் நோய்க்கும் அது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புகையும் மதுவும் இந்நோயை வளர்ப்பவை என்பதைப் பாட்டி தாத்தா சொன்னால் கேட்கும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் புறநகர் இரயில்கள் உண்டு. செவ்வாய் மாலை இரயிலில் ஒருபுறம் சிறுவாபுரி விபூதியணிந்த குடும்பங்களும் மறுபுறம் பணி முடித்த தொழிலாளர்களும் நெருக்கியடித்து அமர்வார்கள். அந்த நெரிசலில் பக்கத்தில் தோளில் வெண்துகள் படிந்த ஓர் இளைஞன் ஒடுங்கி நின்றால், பெரியவர்கள் சற்றே நகர்ந்து இடம் கொடுத்து உட்கார வைக்கலாம். தலைக்கு எந்த மருத்துவரைப் பார்க்கிறாய் என்று, மற்றவர் காதில் விழாத குரலில் விசாரிக்கவும் செய்யலாம்.